கொப்பரைக் களத்து வல்லூறு

விமலாராணிக்குக் கோயமுத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை. சொட்டு மருந்து விட்ட நோயாளிகளை இருட்டறைக்குள் கூப்பிட்டு, கருவியில் மோவாயை வைக்கச் சொல்லி, கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புவாள். வருஷக்கணக்கில் அந்த வேலையைச் செய்கிறாள். “இப்ப பளிச்சுனு ஒரு லைட் வருமுங்க, பயப்படாதீங்க” என்று சொல்லாமல் ஒருவர் கண்ணிலும் வெளிச்சம் அடித்ததில்லை.

லீவு நாட்களில் பறவைகளைப் படம் எடுப்பாள். கணவன் பிரான்சிஸ் பம்புசெட் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். அங்கே மோட்டார் கொண்டு வந்த சென்னியப்பன், தன் கொப்பரைக் களத்து வேப்பமரத்தில் வல்லூறு கூடு கட்டியிருப்பதாகவும், சம்சாரம் வளர்க்கிற கோழிக்குஞ்சுகளை அது ஒவ்வொன்றாகத் தூக்குவதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். பிரான்சிஸ் அதை வீட்டில் வந்து சொன்ன மறுநாளே விமலா ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

களம் காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தேங்காயை உடைத்துக் காயப்போடும் அகலமான சிமெண்டுத் தளம், அதன் ஓரத்தில் மூட்டை அடுக்கும் அறை, அறையை ஒட்டி வேப்பமரம். அறையின் மொட்டைமாடியில் பச்சை வலை கட்டி அதற்குள் உட்கார்ந்தால் கூடு கண்ணுக்கு நேராகக் கொஞ்சம் மேலே தெரியும். உள்ளே மூன்று குஞ்சுகள், வெள்ளைப் பஞ்சை உருட்டி வைத்ததுபோல் இருந்தன.

ஆண் வல்லூறு உருவத்தில் சின்னது, சாம்பல் முதுகு, சிவந்த கண். ஓணானையோ அரணையையோ பிடித்துக்கொண்டு பக்கத்துத் தென்னையில் வந்து உட்கார்ந்து குரல் கொடுக்கும். பெரியதும் மஞ்சள் கண்ணுள்ளதுமான பெண் பறந்து போய் இரையை வாங்கி வரும். கூட்டின் விளிம்பில் நின்று காலால் அமுக்கிக் கிழித்துக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். அது ஊட்டுகிற அந்த நேரத்தை ஒரே ஒரு நல்ல படமாக எடுத்துவிட வேண்டும் என்றுதான் விமலா வந்திருந்தாள்.

வெளிச்சம்தான் கிடைக்கவில்லை. மே மாதம் என்று பேர், வானம் நாள் முழுக்க மூட்டமாகவே கிடந்தது. வேப்பிலை அடர்த்திக்குள் கூடு ஒரு கரிய பொட்டலம். அதற்குப் பின்னால் வானம் வெளேரென்று கண் கூசியது. பறவைக்கு ஏற்றாற்போல் கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டினால் காற்றில் கிளை ஆடி எல்லாம் கலங்கிப்போனது. கலங்காமல் எடுத்தால் பறவை வெறும் நிழலாக விழுந்தது. தினமும் சாயங்காலம் அந்த இருட்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வெயில் அடிக்கும் என்று தனக்கே சொல்லிக்கொள்வாள்.

லீவின் கடைசி நாள் காலையில் தூறல் போட்டது. பெண் வல்லூறு ஓர் ஓணானோடு கூட்டுக்கு வந்து இறங்கியது. மூன்று குஞ்சுகளும் ஒன்றாகத் தலையைத் தூக்கின. அதுவரை அப்படி மூன்றும் சேர்ந்து முகம் காட்டியதே இல்லை. திரையில் எல்லாம் கறுப்பு. பூச்சிகளைப் படம் எடுப்பதற்காக வாங்கிய ஃபிளாஷ் பையில் இருந்தது. கூட்டில் இருக்கிற பறவைக்கு ஃபிளாஷ் அடிக்கவே கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை என்று மனம் சொன்னது. கை அதை எடுத்து மாட்டிவிட்டது.

பளிச்சென்று அடித்த மறு நொடியில் பெண் வல்லூறு பின்னோக்கித் துள்ளிக் கூட்டை விட்டு விழுவதுபோல் பறந்தது. எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் களத்து மூலையில் இருந்த டிரான்ஸ்பார்மரின் மேல் போய் உட்கார்ந்தது. நனைந்த இறக்கையை ஒரு தரம் விரித்தது. பட்டென்று ஒரு வெடிச்சத்தம். கிணற்று மோட்டார் நின்றுபோனது.

சென்னியப்பன் வெளியே வந்தபோது விமலா கீழே இறங்கி டிரான்ஸ்பார்மர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். வேலிக்குள் பறவை ஒரு இறக்கை மடங்கிக் கிடந்தது. மயிர் கருகிய வாடை அடித்தது.

“நாந்தானுங்கண்ணா. லைட்டு அடிச்சுப்போட்டேன். மெரண்டு போய் உக்காந்துருச்சு” என்றாள்.

அவர் அவளையும் பார்த்தார், மரத்தையும் பார்த்தார். போனை எடுத்து லைன்மேனுக்கு அடித்தார். சத்தம் கேட்டு வந்த அவருடைய மனைவி கனகம், தன் கோழிக்குஞ்சுகளைத் தின்றதற்கு இப்போதாவது ஒரு முடிவு வந்ததே என்கிற மாதிரி ஆரம்பித்தாள். விமலாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு, “மேல மூணு கெடக்குதே கண்ணு, அதுக்கு என்ன பண்றது?” என்று கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஆண் வல்லூறு வந்தது. தென்னை மட்டையில் உட்கார்ந்து குரல் கொடுத்தது. காலில் ஓர் அரணை துவண்டு தொங்கியது. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. மறுபடி குரல் கொடுத்தது. வேறு மட்டைக்கு மாறி உட்கார்ந்து அங்கிருந்து கூப்பிட்டது. விமலா மாடிப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோதும் அது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் அதுவே கூட்டுக்குப் போய் அரணையை விளிம்பில் வைத்துவிட்டுப் பறந்துபோனது. குஞ்சுகள் அரணையைப் பார்த்தன. அவற்றால் அதைக் கிழிக்க முடியாது.

அவளுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் கிருபாசங்கருக்கு இந்த மாதிரிப் பறவைகளோடு நல்ல பழக்கம் உண்டு. அவரைப் போனில் பிடித்து நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் திட்டவில்லை, அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. வேட்டையாடிக் கொண்டு வருவது ஆண் வேலை, கிழித்து ஊட்டுவது பெண் வேலை, பெரும்பாலான ஆண்களுக்கு ஊட்ட வராது என்றார். சுற்றிலும் இரை குவிந்து கிடக்க நடுவில் குஞ்சுகள் பட்டினியில் செத்துக் கிடப்பதை அவரே பார்த்திருக்கிறாராம். சில ஆண்கள் பிறகு பழகிக்கொள்வதும் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

வனத்துறையோடும் அவரே பேசினார். யானை ஊருக்குள் இறங்கியிருந்ததால் ஆட்கள் மதுக்கரைப் பக்கம் போயிருந்தார்கள். வர இரண்டொரு நாள் ஆகும். அதுவரை குஞ்சுகளைக் கூட்டை விட்டு எடுக்க வேண்டாம், முடிந்தால் அங்கேயே வைத்து ஊட்டுங்கள் என்று சொன்னார்களாம். கிருபாசங்கர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். ஆண் என்றைக்காவது தானாக ஊட்ட ஆரம்பித்தால் அந்த நிமிஷமே மரம் ஏறுவதை நிறுத்திவிட வேண்டும். ஏற ஏற அது மிரண்டு மொத்தமாகவே விட்டுப் போய்விடும்.

விமலா மருத்துவமனைக்குப் போன் செய்து லீவை நீட்டினாள். மத்தியானத்துக்குள் பிரான்சிஸ் வண்டியில் வந்து சேர்ந்தான். அவள் கேட்டிருந்தபடி சின்ன இடுக்கியும் கத்தரியும் கொண்டு வந்திருந்தான். சென்னியப்பன் ஓடு மாற்றுகிற நீள ஏணியை மரத்தில் சாய்த்தார். விமலாவுக்கு உயரம் என்றால் பயம். பிரான்சிஸ் தான் ஏறுவதாகச் சொன்னான். அவள் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

பாதி ஏறும்போதே ஆண் வல்லூறு வந்து ஹெல்மெட்டில் அறைந்தது. ஏணியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி அறைந்தது. கூட்டை எட்டியபோது குஞ்சுகள் மூன்றும் பின்னால் நகர்ந்து, மல்லாந்து விழுந்து, கால்களை நீட்டிக்கொண்டன. காய்ந்துபோன அரணையைப் பொடிசாகக் கத்தரித்து ஒரு துண்டை இடுக்கியில் எடுத்து அலகுக்குள் தள்ளப் பார்த்தாள். வாயே திறக்கவில்லை. பக்கவாட்டில் தட்டினாள், கிளிக்குஞ்சுக்கு ஊட்டுகிறவர்கள் செய்கிற மாதிரி அலகின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. சாயங்காலம் வெளிச்சம் போகிற வரை ஏறி இறங்கினாள். ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை.

மறுநாள் விடிந்து பார்த்தால், கடைக்குட்டிக் குஞ்சு மற்ற இரண்டின் கால்களுக்கு அடியில் செத்துக் கிடந்தது. ஓரத்தில் புதிதாக ஓர் ஓணான் இருந்தது. தகப்பன் விடியும்போதே கொண்டு வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

இறங்கி வந்து களத்துச் சுவரோரம் உட்கார்ந்தவளுக்கு ஜெபம் கூட வரவில்லை. கடவுளிடம் என்ன கேட்பது? நான் கொன்றதைத் திருப்பிக் கொடு என்றா? கனகம் இட்லியைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். விமலா தொடவில்லை. “நீ பட்டினி கெடந்தா அதுக வாயத் தொறந்துருமா?” என்று கேட்டுவிட்டுக் கனகம் போனாள். போகிறபோது தட்டை எடுத்துப் போகவில்லை.

பிரான்சிஸ்தான் அந்த யோசனையைச் சொன்னான். தாய் எப்படி ஊட்டியது என்று படத்தில் இருக்குமே, பார் என்றான்.

அவள் கேமராவைத் திறந்தாள். ஒரு வாரப் படங்கள் அத்தனையும் கறுப்பு, அல்லது கலங்கல். தலை எது, இரை எது என்றே பிரிக்க முடியவில்லை. கடைசிப் படம் மட்டும் கண்ணாடிபோல் இருந்தது. ஃபிளாஷ் அடித்த படம். மார்பின் ஒவ்வொரு கோடும், மஞ்சள் கண்ணும், அலகின் நுனியும் அதில் தெளிவாக விழுந்திருந்தன. அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அழித்துவிடலாம் என்று விரல் போனது. பிரான்சிஸ் அவள் கையைப் பிடித்து, பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னான்.

தாய் எதையும் குஞ்சின் வாய்க்குள் திணிக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அலகின் நுனியில் மெல்லிய நார் போன்ற சதையைத் தொங்கவிட்டபடி, குஞ்சுகளுக்குக் கொஞ்சம் மேலே சும்மா நின்றிருந்தது. குஞ்சுதான் எக்கி அதைப் பறிக்க வந்துகொண்டிருந்தது.

விமலா எழுந்து ஏணிக்குப் போனாள். ஓணானின் தொடையிலிருந்து சதையைத் துண்டாக வெட்டாமல் நாராகக் கிழித்தாள். இடுக்கியின் நுனியில் தொங்கவிட்டு, குஞ்சின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஹெல்மெட்டில் அடி விழுந்தது. அசையவில்லை. கை மரத்துப்போனது. பெரிய குஞ்சு ஒரு கண்ணால் பார்த்தது. திரும்பிக்கொண்டது. மறுபடி பார்த்தது. சட்டென்று எக்கி அதைப் பறித்து விழுங்கியது.

அவள் ஏணியிலேயே அழுதாள். ஹெல்மெட்டுக்குள் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. இரண்டாவது குஞ்சும் வாங்கியது. தொண்டைக்குக் கீழே இரைப்பை புடைக்கும்வரை கொடுத்தாள். இறங்கி வந்து, ஆறிப்போன இட்லியைத் தின்றாள்.

அன்று முழுக்கவும் மறுநாளும் அப்படியே போனது. ஆண் கொண்டு வந்து வைக்கும், அவள் ஏறி நார் கிழித்துக் கொடுப்பாள். ஆனால் அது வருகிற இடைவெளி நீண்டுகொண்டே போனது. வந்தாலும் கூட்டில் கால் வைக்காமல் தூரத்துத் தென்னையில் உட்கார்ந்து இவர்களையே பார்த்தது. இரையைக் கூட்டுக்குள் எறியாத குறையாகப் போட்டுவிட்டுப் போனது. அவளால் குஞ்சு பிழைக்கிறதா, அவளாலேயே தகப்பன் விட்டுப் போகப் போகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏறாமல் இருந்தால் குஞ்சு சாகும். ஏறினால் தகப்பன் போய்விடும். போய்விட்டால் அப்புறமும் குஞ்சு சாகும்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் காற்று திரும்பியது. மேற்கே வானம் கறுத்து, புழுதி கிளம்பி, மழை சரசரவென்று களத்தின் மேல் ஓடி வந்தது. களம் நிறையக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. சென்னியப்பனும் கனகமும் தார்ப்பாய்களை இழுத்தார்கள். பிரான்சிஸ் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தான். விமலா மரத்தடியில் நின்று மேலே பார்த்தாள். தாய் இருந்திருந்தால் இறக்கையை விரித்து மூடியிருக்கும்.

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். கையில் இருந்த தார்ப்பாயை மடக்கி அவள் பக்கம் வீசினார். “ஏறுங்க அம்மணி. ஏணிய நான் புடிச்சுக்கறேன்” என்றார். களத்தின் ஒரு பக்கம் கொப்பரை திறந்தபடி நனைய ஆரம்பித்தது. கனகம் அதைக் கையால் வாரி மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

விமலா ஏறும்போது ஹெல்மெட் இல்லை. ஆணும் அங்கே இல்லை. மரம் வேரோடு ஆடுவதுபோல் இருந்தது. தார்ப்பாயைக் கிளையில் போட்டு ஒரு முனையைக் கட்டினாள், மறுமுனை கையை விட்டுப் பறந்து கூட்டின் மேல் அறைந்தது. அதைப் பிடித்து இழுத்தபோது கூட்டின் ஓரம் பிய்ந்தது. சுள்ளிகளோடு ஒரு வெள்ளை உருண்டை அவள் தோளுக்குப் பக்கத்தில் விழுந்து போனது. அவள் கையை நீட்டினாள். கையில் மழைதான் விழுந்தது.

அது எந்தக் குஞ்சு என்று பார்க்க அப்போது நேரமில்லை. தார்ப்பாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, உடம்பை ஏணிக்கும் கிளைக்கும் நடுவில் கொடுத்து, மழை விடும்வரை அப்படியே நின்றாள். மின்னல் அடிக்கும்போதெல்லாம் கீழே பிரான்சிஸ் அவள் பேரைச் சொல்லி இறங்கச் சொன்னான். சென்னியப்பன் ஏணியை விடவில்லை. மழை நின்று அவர்கள் அவளை இறக்கியபோது விரல்களை மடக்க முடியவில்லை. கனகம் பழைய துணியால் தலையைத் துவட்டிவிட்டாள். கீழே விழுந்த குஞ்சைச் சென்னியப்பன் அதற்குள் புதைத்துவிட்டிருந்தார்.

விடிந்தபோது உலகமே ஈரச் சாம்பலாக இருந்தது. வேப்பமரத்துக்குள் இருட்டு இன்னும் போகவில்லை. விமலா மொட்டைமாடியில் இருந்து கூர்ந்து பார்த்தாள். கூட்டில் ஏதோ ஒன்று அசைந்த மாதிரி இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. ஏணியைப் பிடிக்கச் சொல்லத் திரும்பினாள். அப்போது ஆண் வந்தது.

தென்னைக்குப் போகவில்லை, குரல் கொடுக்கவில்லை. நேராகக் கூட்டில் வந்து இறங்கியது. காலில் ஏதோ இரை. வழக்கமாக வைத்த கையோடு போய்விடும். இப்போது போகவில்லை. இவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தது. நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது.

“தானே திங்குதா, குடுக்குதான்னு தெரியலையே விமலா” என்று பக்கத்தில் இருந்த பிரான்சிஸ் கிசுகிசுத்தான்.

அதுதான் தெரிய வேண்டும். ஊட்டுகிறதென்றால் இனி ஒருபோதும் ஏறக்கூடாது. தானே தின்கிறதென்றால் உடனே ஏற வேண்டும், குஞ்சுக்கு இரவெல்லாம் பட்டினி. கண்ணால் பார்த்தால் கறுப்புக்குள் ஒரு கறுப்பு அசைகிறது, அவ்வளவுதான். விமலா கேமராவை எடுத்தாள். அது பிடிக்கக்கூடிய வெளிச்சத்தின் கடைசி எல்லைவரை கொண்டு போனாள். மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தாள். கறுப்பு. மறுபடி எடுத்தாள். ஈரக் கிளை ஆடியது, கலங்கல். கேமராவை மாடிச் சுவரில் பதித்து, மேலே ஈரச் சாக்கை வைத்து அமுக்கி, ஆணின் தலை நிமிர்கிற நேரத்துக்குக் காத்திருந்து எடுத்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. வானத்தில் மேகம் கொஞ்சம் விலகி, மறுபடி மூடியது. விலகின அந்த நேரத்தில் ஆண் பக்கவாட்டில் திரும்பியது. விடாமல் அழுத்தினாள்.

வலைக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். திரை முழுக்க மணல் கொட்டினதுபோல் புள்ளிகள். ஒரு படத்தில் ஆணின் தலை குனிந்திருந்தது, கீழே எதுவும் இல்லை. அடுத்ததில் எல்லாமே கலங்கல். அதற்கடுத்ததில், புள்ளிகளுக்கு நடுவில், ஆணின் அலகிலிருந்து ஒரு நூல் போன்ற கோடு கீழே இறங்கியது. கோட்டின் மறுமுனையில் ஒரு சின்ன வெளிர் அலகு இருந்தது.

பிரான்சிஸ் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் அந்தப் படத்தைக் கிருபாசங்கருக்கு அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார். ஒரு தடவை கொடுத்தது என்பதால் இனியும் கொடுக்கும் என்று அர்த்தமில்லை, ஆனால் இனியும் ஏறினால் அது மிரண்டு போய்விடலாம் என்றார். முடிவை அவர் எடுக்கவில்லை. அவளிடமே விட்டுவிட்டார்.

“ஏணிய எடுத்துருங்கண்ணா” என்று விமலா கீழே பார்த்துச் சொன்னாள்.

அன்று பகல் முழுக்க அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. ஆண் போய் வெகுநேரம் வராமல் இருக்கும்போதெல்லாம் ஏணி சாத்தியிருந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு தடவை எழுந்து படி வரைக்கும் போய்விட்டாள். கனகம் வழியில் உட்கார்ந்திருந்தாள். தடுக்கவுமில்லை, நகரவுமில்லை. விமலா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆண் வந்தது. கூட்டின் விளிம்பில் தடுமாறி நின்று, இரையைக் காலில் அமுக்கத் தெரியாமல் ஒரு தடவை கீழே தவறவிட்டு, பிறகு கிழித்துக் கொடுத்தது. தாயைப் போல் பொறுமை அதற்கு இல்லை. துண்டுகள் பெரிதாக இருந்தன. குஞ்சு திணறித் திணறி விழுங்கியது.

அடுத்த நாள் வனத்துறை ஆள் வந்து கீழிருந்தே பார்த்தார். நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டார். குஞ்சு இங்கேயே இருக்கட்டும் என்றார். ஃபிளாஷ் விஷயத்தை விமலா மறைக்கவில்லை. அவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். மேற்கொண்டு கேள்வி வந்தால் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்றார். வருகிறேன் என்றாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் அவளால் இருட்டறையில் சாதாரணமாக இருக்க முடியவில்லை. வெளிச்சம் அடிக்கும் முன் நோயாளிகளிடம் சொல்கிற வார்த்தை பாதியில் நின்றது. அந்த வேலையைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்துச் சில நாள் வெறும் பெயர் பதிகிற வேலை பார்த்தாள்.

ஜூன் மாதத்தில் சென்னியப்பன் கூப்பிட்டார். குஞ்சு கூட்டை விட்டுப் போய்விட்டதாம். முதலில் களத்தில் விழுந்து, அப்புறம் சுவரேறி, அப்புறம் தென்னைக்குத் தாவிப் போனதாம். அப்பன் பின்னாலேயே சுற்றுகிறதாம்.

“ஒன்னு பொழைச்சுதுங்க அம்மணி” என்றார்.

“மூணு இருந்துச்சுங்கண்ணா” என்றாள் விமலா. “அப்புறம் அதுகளோட அம்மாவும்.”

ஆமாமுங்க என்று மட்டும் சொன்னார். போனைக் கனகம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வர வேண்டும் என்றாள். வாரேனுங்கக்கா என்று விமலா சொன்னாள்.

சர்ச்சில் பூசை முடிந்து நேராகப் போனார்கள். அன்று வெயில் நன்றாக அடித்தது. களம் முழுக்கக் கொப்பரை வெள்ளையாகக் காய்ந்தது. வல்லூறு எதுவும் கண்ணில் படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோப்பின் அந்தக் கடைசியில் இருந்து ஒரு குரல் கேட்டது. அப்பனா, குஞ்சா என்று பிரான்சிஸ் கேட்டான். விமலா சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்றாள். கனகம் அவள் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.